நாற்பது ஆள் வரை

தமிழில் ‘வரை’ என்று எழுதுவதா வேண்டாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். ஆங்கில விளம்பரப் புத்தகத்தில் அந்த டிராக்டர் ஒரு நாளில் நாற்பது ஆட்கள் வரை செய்யும் மண்வெட்டு வேலையைச் செய்து முடிக்கும் என்று அச்சடித்திருந்தார்கள். நாற்பது என்ற எண் பெரிய எழுத்தில் இருந்தது. ‘வரை’ அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் அளவுக்கு இருந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. மலாய் நாட்டு ஈப்போவில் இயந்திரம் விற்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன் என்பதால், தமிழ் முதலாளிகளுக்குக் கடிதம் எழுதுவதும், விளம்பரங்களைத் தமிழில் ஆக்குவதும், வாங்க வருகிறவர்களுக்கு இயந்திரத்தின் பெருமையை எடுத்துச் சொல்வதும் என் வேலை. பம்புகளையும் ரப்பர் ஷீட் அழுத்தும் உருளைகளையும் பற்றி எழுதிப் பழகியிருந்தேன். டிராக்டர் அந்த வருஷந்தான் கப்பலில் வந்து இறங்கியது. இரும்புச் சக்கரத்தில் கை நீளத்துக்குப் பற்கள். முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினால் இருமிக்கொண்டே உயிர் பெறும். ஊரின் இன்னொரு பக்கம் புந்தோங்கில் நான் குடியிருந்த அறைவரை அதன் சத்தம் கேட்கிறது என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். அது கொஞ்சம் மிகைதான், ஆனால் விளம்பரத்தை விடக் குறைவான மிகை.

“எந்த நாற்பது ஆள், துரை?” என்று ஒருநாள் கேட்டேன்.

எங்கள் விற்பனைத் துரை முன்பு கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். முகம் எப்போதும் வெயிலில் வெந்த நிறத்தில் இருக்கும். கெட்ட மனிதர் இல்லை. என்னைப் பார்த்து, “எந்த நாற்பது என்றால்?” என்று திருப்பிக் கேட்டார்.

“ஆணா, பெண்ணா? எந்த மண்ணில்? எவ்வளவு நேரம்?”

“தொழிற்சாலைக்காரன் போட்டிருக்கிறான். நீ தமிழில் போடு” என்றார். வாசல் வரை போனவர் நின்று, “அந்த ‘வரை’யை மட்டும் விட்டுவிடாதே. மழை வந்தால் அதுதான் நமக்குக் குடை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. பொய்யைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை. நாற்பது பேர் வரிசையாக நின்று வெட்ட, பக்கத்தில் இந்த இரும்பு ஓட, யாரோ ஒருவர் கையில் கடிகாரத்தோடு நின்றிருக்க வேண்டும் அல்லவா? அந்த இடம் எது, அந்த மனிதர் யார் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் கொட்டகையில் ஒரு சீன மெக்கானிக் இருந்தார். ஐம்பதை நெருங்கியவர். எனக்கும் அவருக்கும் கடைத்தெரு மலாய்தான் பேச்சு மொழி. அவர் இதற்கு முன் வேறொரு கம்பெனியின் டிராக்டரைப் பழுது பார்த்தவர். என் கேள்வியைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே தன் மரப்பெட்டியைத் திறந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மற்றக் கம்பெனியின் விளம்பரப் புத்தகம் அது.

இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். எங்கள் புத்தகத்தில் ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் உண்டு. இடப்பக்கம் எங்கள் டிராக்டர், வலப்பக்கம் ‘சாதாரண டிராக்டர்’. இழுக்கும் பலம், எண்ணெய்ச் செலவு, தேய்மானம் எல்லாவற்றிலும் எங்களுடையதே மேல். அவர்களுடைய புத்தகத்திலும் அதே மாதிரி ஒரு பட்டியல். இடப்பக்கம் அவர்கள் டிராக்டர், வலப்பக்கம் ‘சாதாரண டிராக்டர்’. எல்லாவற்றிலும் அவர்களுடையதே மேல்.

“அந்தச் சாதாரண டிராக்டரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?” என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

“இருபது வருஷமாக இயந்திரம் பார்க்கிறேன். அது மட்டும் என் கைக்குப் பழுதுக்கு வந்ததே இல்லை” என்றார்.

அடுத்த மாதம் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் டிராக்டரை ஓட்டிக் காட்ட ஏற்பாடானது. ரப்பர் விலை விழுந்த சமயத்தில் கைவிடப்பட்டு, முழுக்க லாலான் புல் மண்டிப்போன தோட்டம். தமிழ் முதலாளி ஒருவர் அதை வாங்கி, புல்லை ஒழித்து மறுபடியும் கன்று நட வேண்டும் என்று இறங்கியிருந்தார். அளந்து பேசுகிற மனிதர். எதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். லாலானைத் தோண்டி எடுக்க அவரிடம் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

துரை முந்தின நாளே போய் இடம் பார்த்திருந்தார். நாங்கள் போனபோது டிராக்டர் ஓட வேண்டிய பாத்தியில் புல்லை அறுத்து, எரித்து, கல்லைப் பொறுக்கித் தரையைத் தயாராக வைத்திருந்தார்கள். அதை ஒட்டிய பாத்தியில் பத்துப் பெண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். அங்கே புல் இடுப்பு உயரத்துக்கு அப்படியே இருந்தது.

மெக்கானிக் ஓட்டினார். மண் புரண்டு புரண்டு விழுந்தது. நான் முதலாளியின் பக்கத்தில் நின்று புத்தகத்தில் உள்ளதை எல்லாம் சொன்னேன். மத்தியானத்துக்குள் டிராக்டரின் பாத்தி முழுதும் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. பெண்கள் கால்பங்குகூட முடிக்கவில்லை. துரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தார். அந்தப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்று வேலையை நடத்தும் முன்னத்தி அவர். நாற்பது வயது இருக்கும். உள்ளங்கையெல்லாம் காய்த்துப் போயிருந்தது.

“கிராணி ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கக்கா.”

“அந்தப் பக்கம் மட்டும் ஏன் எரிச்சிருக்கு?”

“மெஷினுக்கு அப்படித் தயார் பண்ணணும்னு புத்தகத்துல இருக்கு” என்றேன்.

“எங்களுக்கும் அப்படி எரிச்சுக் குடுத்தா நாங்களும் வேகமா வெட்டுவோம்லா.” குரலைத் தாழ்த்தினார். “நாப்பது பேரு வேலைன்னு சொன்னீங்க. அப்படின்னா இங்க நாப்பது பேரு பேரை வேலையிலேருந்து வெட்டிடுவாங்களா?”

அதுவரை அந்த எண் எனக்கு ஒரு கேள்வியாக மட்டுமே இருந்தது. நாற்பது பேர் என்றால் லயத்தில் நாற்பது அடுப்பு என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் ஒரு லயத்தில் பிறந்தவன்தான். இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

“நாப்பதுன்னு இல்லக்கா, நாப்பது வரைக்கும்னுதான் போட்டிருக்கு” என்று சொன்னேன். எவ்வளவு அசட்டுத்தனமான பதில்!

“வரைக்கும்னா ஒரு ஆளும் அதுக்குள்ளதானே வருது?” என்றார் அவர்.

முதலாளி அன்று எதுவும் முடிவு சொல்லவில்லை. “ஒரு மாசம் போகட்டும் தம்பி. மண்ணு என்னா சொல்லுதுன்னு பாப்போம்” என்றார். துரை விற்பனை கைநழுவக் கூடாது என்று டிராக்டரை அங்கேயே விட்டுவர ஒப்புக்கொண்டார். மெக்கானிக்கும் அங்கே தங்கினார்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலே நான் ரயிலேறி பீடோருக்குப் போனேன். தோட்டத்துக்குள் நடக்கும்போதே தூரத்தில் பச்சை தெரிந்தது. டிராக்டர் புரட்டிய பாத்தி முழுக்க, ஈட்டி முனை போல லாலான் குருத்துகள் நெருக்கமாக முளைத்திருந்தன. பெண்கள் வெட்டிய பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

முன்னத்தி அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி, ஒரு துண்டு வேரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக, கரும்பு மாதிரி கணுக்கணுவாக இருந்தது. விரல் நீளம்தான். ஆனால் ஒவ்வொரு கணுவிலும் ஒரு குருத்து.

“நாங்க வேரை உருவி எடுத்து வெயில்ல போடுவோம். ஒங்க மெஷின் துண்டு துண்டா வெட்டி திரும்பவும் நட்டுட்டுப் போயிருக்கு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெற்றி இல்லை. ஒரு புதிய பூச்சியைக் கண்டுபிடித்தவர் போல அந்த வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா மண்ணை நல்லாத்தான் பொரட்டுது. அதையும் சொல்லணும். எங்களால அவ்வளவு ஆழம் போக முடியாது.”

அவர் அப்படிச் சொன்னதில்தான் எனக்கு ஒரு வழி தோன்றியது. நேராக முதலாளியிடம் போய், ஒரே மாதிரி நிலத்தில், ஒரே மாதிரிப் புல்லில், இன்னொரு தடவை சரியாகச் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

“ஒங்க தொரை சொன்னாரா?”

“இல்லங்க. எனக்கே தெரிஞ்சுக்கணும்னு தோணுது.”

“எனக்குந்தான்” என்றார் அவர்.

இரண்டு பாத்தி பிரித்து எல்லைக்கு முளைக்குச்சி அடித்தோம். இரண்டிலும் புல்லை எரிக்கவில்லை, கல்லைப் பொறுக்கவில்லை. ஒன்றில் பெண்கள் மட்டும். இன்னொன்றில் டிராக்டர் ஒருமுறை உழுது, ஒரு வாரம் வெயிலில் காயப்போட்டு, குறுக்கே மறுபடியும் உழ வேண்டும். பின்னாலேயே சில பெண்கள் வேரைப் பொறுக்க வேண்டும். இந்த யோசனை மெக்கானிக்குடையது. குறுக்கே உழுவது பற்றி எங்கள் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய், எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். மற்ற நாட்களில் அக்கா ஒரு மூங்கில் குச்சியில் கோடு கீறி வைத்துத் தருவார். அவர் கீறியதில் ஒருமுறைகூடப் பிசகு வந்ததில்லை.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. நான் போன அன்று டிராக்டர் அச்சு வரை சேற்றில் புதைந்து கிடந்தது. மெக்கானிக் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு “தா போலே, தா போலே” என்று கையை விரித்தார். முடியாதாம். பிறகு பெண்களெல்லாம் வந்து, பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, கயிறு கட்டி இழுத்தார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். அது வெளியே வந்தபோது எல்லோருக்கும் முகம் வரை சேறு.

“தம்பி, இன்னைக்கு மெஷின் நாப்பது பேரு வேலை செஞ்சுச்சா, நாப்பது பேரு மெஷினுக்கு வேலை செஞ்சாங்களா? சரியா எழுதிக்குங்க” என்றார் அக்கா. அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்குக்கு நான் மலாயில் சொன்னதும் அவர் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தார்.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்த விடை இதுதான். காய்ந்த வாரத்தில், சமதரையில், பின்னால் வேர் பொறுக்க ஆள் இருந்தால், அந்த டிராக்டர் பன்னிரண்டு பேர் வேலையைச் செய்தது. மழை வாரத்தில் ஒன்றும் செய்யவில்லை. பன்னிரண்டும் சாதாரணம் இல்லை. அந்த எண்ணைப் பார்த்து எனக்கு அந்த இரும்பின்மேல் உண்மையாகவே ஒரு மரியாதை வந்தது. நாற்பதைப் பார்த்தபோது அப்படி எதுவும் வரவில்லை.

இதையெல்லாம் துரையிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நோட்டை வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தார். இன்ஜினியர் அல்லவா. “அந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குந்தான் தெரியாது. கேட்டுவிடலாம்” என்று சொல்லி, தொழிற்சாலைக்குத் தன் கையெழுத்தில் ஒரு கடிதம் அனுப்பினார்.

பதில் வரச் சில மாதங்கள் ஆயின. மிகவும் மரியாதையான கடிதம். இன்ஜினின் குதிரைச் சக்தியை எடுத்து, ஒரு மனிதனுடைய பலம் இவ்வளவு என்று ஒரு கையேட்டில் உள்ள எண்ணால் வகுத்து, வந்ததை முழு எண்ணாக்கிக்கொண்டார்களாம். யாரும் எங்கேயும் மண்வெட்டி பிடிக்கவில்லை. கடிகாரத்தோடு யாரும் நிற்கவில்லை. நான் இத்தனை நாள் மனத்துக்குள் தேடிக்கொண்டிருந்த அந்த வயலே உலகத்தில் இல்லை. கடிதத்தோடு புதிய விளம்பரப் புத்தகம் ஒன்றும் வந்திருந்தது. அதில் நாற்பது ஐம்பதாகியிருந்தது.

துரை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, “பீடோர் முதலாளியிடம் இதைச் சொல்ல வேண்டாம். நிறுத்தி வைத்த தமிழ் விளம்பர நோட்டீஸை முடித்து அச்சுக்குக் கொடு” என்றார்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நோட்டீஸில் டிராக்டரின் படத்தை மேலே போட்டு, அதற்குக் கீழே எனக்குத் தெரிந்ததை எழுதினேன். காய்ந்த சமதரையில் பன்னிரண்டு ஆள் வேலை செய்யும். ஒருமுறை உழுது விட்டால் லாலான் திரும்பவும் முளைக்கும். ஒரு வாரம் காயவிட்டுக் குறுக்கே உழ வேண்டும். வேர் பொறுக்க ஆள் கட்டாயம் வேண்டும். மழையில் வெளியே எடுக்க வேண்டாம், சரிவில் ஏற்ற வேண்டாம். ஒப்பீட்டுப் பட்டியலை விட்டுவிட்டேன். ‘வரை’ என்ற சொல்லை எங்குமே போடவில்லை.

நோட்டீஸ் பல ஊர்களுக்குப் போனது. பீடோர் முதலாளி அதைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்து டிராக்டரை வாங்கினார். “இது மெஷினால செய்ய முடியாததை எல்லாம் சொல்ற நோட்டீஸா இருக்கேன்னு நெனச்சேன். அதனாலதான் செய்யுறதா சொன்னதையும் நம்பினேன்” என்றார் என்னிடம். வேர் பொறுக்குவதற்காக ஆட்களில் பெரும்பாலோரை வைத்துக்கொண்டார். எல்லோரையும் அல்ல. மண்வெட்டுக்கு மட்டும் வந்த ஏழு பேர் வேறு தோட்டம் பார்த்துப் போனார்கள். அவர்கள் போகும்போது நான் பார்க்கவில்லை. போன பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும்.

வேறு ஊரிலிருந்து வந்த ஒரு தமிழ் வியாபாரி, நோட்டீஸ் வேடிக்கையாக இருக்கிறது என்று துரையிடம் ஆங்கிலத்தில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். துரை என்னைக் கூப்பிட்டார். நோட்டீஸை என் கையில் கொடுத்து, “ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படி” என்றார்.

படித்தேன்.

“இதில் எது பொய், துரை?” என்று முடிவில் கேட்டேன். அந்தக் கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன்.

“ஒன்றும் பொய் இல்லை. ஆனால் என் கம்பெனியின் தாளில், என்னிடம் சொல்லாமல், எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்துகொண்டே இதைச் செய்திருக்கிறாய். வாங்குகிறவனிடம் உண்மை பேசினாய். என்னிடம்?”

நான் நோட்டீஸை மடித்து அவர் மேசைமேல் வைத்தேன். அவரிடம் முதலில் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பாரோ என்றும் சில சமயம் தோன்றுகிறது. எங்கள் நோட்டை நின்றுகொண்டே படித்த மனிதர் அவர். கேட்டுப் பார்க்க நான் ஏன் துணியவில்லை என்பதுதான், நாற்பதை விட அதிக நாள் என்னைத் தொந்தரவு செய்த கேள்வி.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. விளம்பர வேலையிலிருந்து எடுத்து, உதிரிப் பாகங்கள் விற்கும் இடத்துக்கு மாற்றினார். ஆங்கிலப் புத்தகத்தோடு அவரே தட்டச்சு செய்த ஓர் அரைத்தாளைச் சேர்த்து ஒட்டிக் கொடுக்கத் தொடங்கியதைச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தேன். இந்த நாட்டு மண்ணிலும் மழையிலும் வேலை குறையலாம், எங்களைக் கேட்டுக்கொள்ளவும் என்று அதில் இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு பாகத்தைக் கொடுப்பதற்காக பீடோர் தோட்டத்துக்குப் போனேன். ஈப்போ மெக்கானிக் பழக்கிவிட்ட ஒரு தோட்டத்து ஆள் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கட்டியிருந்த கலப்பையின் இரும்பு இருக்கையில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முன்னத்தி அக்கா உட்கார்ந்திருந்தார். பாத்தி முடியும் இடத்தில் கலப்பையைத் தூக்கும் தண்டை இழுப்பது அவர் வேலை. ஓர் உழவுச்சால்கூட அவர் தவறவிடவில்லை.

“தம்பி, வாங்க வாங்க!” என்று அங்கிருந்தே கத்தினார். இறங்கி வந்ததும், “ஒரு டின் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு தூரம் உழும்னு ஒங்க புத்தகத்துல போட்டிருக்கா?” என்று கேட்டார்.

போட்டிருந்தது. நான் சொன்னேன்.

“நெசமா?”

“தெரியலக்கா.”

“அப்ப பாத்துடுவோம்லா” என்றார்.

டிராக்டரின் தொட்டியைக் காலியாக்கி, ஒரு டின்னை அளந்து ஊற்றினோம். பாத்தி ஓரத்தில் சம தூரத்தில் அடித்திருந்த முளைக்குச்சிகளை எண்ணிக்கொண்டே நான் நடந்தேன். வெயில் ஏறியது. இன்ஜின் இருமி நின்றபோது நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிட்டோம். புத்தகத்தில் இருந்ததற்கு ஒரு முளை அதிகமாகவே ஓடியிருந்தது. அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு டின் கொண்டுவரச் சொன்னார்.